செத்தவரை ஏசக் கூடாது

அம்மா போனை வாய்க்கு நேராக, பப்படத்தைப் பிடிப்பதுபோல் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஏசிக்கொண்டிருந்தாள்.

தென்காசியில் என் வீட்டின் பின்பக்கம். மாலை நான்கு மணி இருக்கும். சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. வெள்ளையாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. கொடியில் மூன்று நாளாகக் காயாத துணி. அதன் வாடை வீடு முழுக்க.

"ஏலே குத்தாலம், ஒனக்குக் காது இருக்கா, இல்ல ரிட்டயர்டு ஆவும்போது அதையும் ஸ்டேசன்லயே ஒப்படைச்சிட்டு வந்துட்டியா? அக்காக்காரி நெஞ்சுக்குள்ள கம்பி வச்சு, செத்துப் பொழச்சு வந்து கெடக்கா. எட்டிப் பாத்தியாலே நீ? செவகிரி என்ன சீமையிலயா இருக்கு? ஒரு பஸ்ஸு. அதுல ஏறி உக்கார ஒனக்கு இடுப்பு வளையலையோ? சவத்து மூதி. போனையாச்சும் எடுலே, சவமே!"

விரலை எடுத்தாள். 'விசுக்'கென்று ஒரு சத்தம். ஏச்சு கிளம்பிப் போய்விட்டது.

நான் பின்வாசல் நிலையைப் பிடித்தபடி காப்பித் தம்ளருடன் நின்றேன். தம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

குத்தாலிங்க மாமா, என் அம்மாவின் ஒரே தம்பி, அன்று காலை சிவகிரியில் தன் வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் செத்துப்போயிருந்தார். எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

ஈரோட்டுக் கேள்வி

இந்தத் தொடரில் முன்பொரு வாரம் 'அம்மா ஏசினாள்' என்று எழுதியிருந்தேன். ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர், 'திட்டினாள் என்று எழுதினால் ஆகாதா?' என்று கேட்டிருந்தார்.

ஆகாது ஐயா.

திட்டுவதற்குக் கோபம் போதும். ஏசுவதற்கு உறவு வேண்டும். சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகிற கார்க்காரனைத் திட்டலாம். அவனை ஏச முடியாது. அவனுடைய சின்ன வயசுச் சளி நமக்குத் தெரியாது. ஏச்சு இன்றைய தப்பில் தொடங்கும். அங்கே நிற்காது. பின்னால் நடந்து நடந்து, மூன்றாம் வகுப்பில் தொலைத்த குடை வரைக்கும் போகும். அதற்கு ஒரு மெட்டு உண்டு. நடுவில் மூச்சு வாங்குகிற இடம் உண்டு. கேட்கிறவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய இடம்கூட உண்டு.

சென்னையில் விடுதியில் படிக்கும்போது, "லேட்டாப் போனா அம்மா ஏசுவா" என்று நான் சொன்னதும் அறைத்தோழி விளையாட்டாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதிலிருந்து வெளியூரில் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பஸ் ஏறியதும் அது தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? அகராதியைப் பார்த்தேன். ஏசு என்றால் இகழ், பழி. அவ்வளவுதான். என் அம்மாவைத் தீப்பெட்டிக்குள் அடைத்ததுபோல் இருந்தது.

பெருமாள் கோயில்களில் ஏசல் என்று ஒன்று உண்டு. பல்லக்கை முன்னால் கொண்டுபோவார்கள், பின்னால் இழுப்பார்கள், திரும்பவும் முன்னால். சாமி வருவார், போவார், வருவார். வள்ளியும் தெய்வானையும் முருகனுக்காக ஒருத்தியை ஒருத்தி வைதுகொள்ளும் பாட்டுக்கும் ஏசல் என்றுதான் பேர். எங்கள் ஊர் இலஞ்சியில் அம்மா அதைப் பாத்திரம் துலக்கும்போது பாடுவாள். தேய்க்க வேண்டிய இடத்தில் வள்ளியும் கழுவ வேண்டிய இடத்தில் தெய்வானையும் வருவார்கள். இந்த இரண்டு ஏசலுக்கும் ஏச்சுக்கும் வேர் ஒன்றுதானா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. போகிற ஒருவரைப் பின்னால் இழுப்பதுதான் ஏச்சு.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இழுக்கப்பட்டவள்.

பச்சையாக ஒரு வழி

எனக்கு ஏழோ எட்டோ வயது. ஐந்தருவியில் பாசியில் கால் வழுக்கிப் பாறை இடுக்கில் போய்விட்டேன். தூக்கிப் போட்டபோது மூச்சு இல்லை என்றார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சையாக ஒரு வழி. குளிர்ச்சி. யாரோ முன்னால் போகிறார்கள். முதுகு மட்டும் தெரிகிறது. பயமே இல்லை. அருவிச் சத்தம் வரவரத் தூரமாகிக்கொண்டு வந்தது.

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"ஏட்டி மூதி! எந்திரிட்டி! புதுப் பாவாடையக் கட்டிட்டுத் தண்ணிக்குள்ள எறங்காதேன்னு சொன்னனா இல்லியா? பல்லு வெளக்காமப் படுத்துக் கெடக்கா பாரு, சவம்! எந்திரிக்கப் போறியா இல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் பல் விளக்கியிருந்தேன். அதைச் சொல்லத்தான் திரும்பினேன்.

திரும்பியதும் வாந்தியும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன.

சுற்றி நின்று அழுத பெண்களை அம்மா அதட்டியதாகப் பின்னால் சொன்னார்கள். "அழாதிய! அழுதா அது போயிரும். ஏசுனாத்தான் திரும்பிப் பாக்கும்."

எங்கள் வகையறாவில் இது வழக்கம். பிரசவத்தில் மயங்கினவள், காய்ச்சலில் கண் செருகினவன், யாரானாலும் தலைமாட்டில் நெருங்கின உறவுப் பெண் ஒருத்தி நின்று ஏசுவாள். அதற்கு ஒரே ஒரு வரம்பு. உயிர் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் ஏச்சு நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொல் கூடாது. செத்தவரை ஏசக் கூடாது. ஏசினால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பாருங்கள். உயிரோடு இருக்கிறவரை நாளெல்லாம் சவமே, சவமே என்போம். பஸ் வராவிட்டால் அந்தச் சவத்தைக் காணோம் என்போம். பாடையில் படுத்திருப்பவரை மட்டும் அந்தச் சொல்லால் தொட மாட்டோம். அன்றைக்கு மட்டும் அவர் ராசா.

கண்ணாடிப் பெட்டி

அம்மாவுக்கு நெஞ்சில் கம்பி வைத்து ஐந்தாவது நாள்தான் மாமா போனார். "பத்துப் பதினஞ்சு நாளைக்கு அதிர்ச்சி எதுவும் கொடுத்துராதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இலஞ்சியில் இருந்தால் வருகிறவர் போகிறவர் உளறிவிடுவார்கள் என்றுதான் தென்காசியில் என்னோடு வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிவைத்தேன்.

அம்மாவிடம் ஒரு பொய். மாமா மூட்டுவலிக்குக் கொல்லம் பக்கம் எண்ணெய் வைத்தியத்தில் இருக்கிறார், அங்கே போன் பேச விட மாட்டார்கள்.

"மலையாளத்தான் காலப் பிடிச்சு உருவுதான், இவன் சொகமா மல்லாந்து கெடக்கான்" என்றாள் அம்மா. "பேசத்தான கூடாது? கேக்கலாம்லா?"

அவளுக்கும் மாமாவுக்கும் அதுதான் பழக்கம். போலீஸில் இருந்த காலத்திலிருந்தே அவர் போனை எடுக்க மாட்டார். அதனால் அம்மா வாட்ஸ்அப்பில் ஏச்சைப் பதிவு செய்து அனுப்புவாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர் எப்போதாவது கேட்பார். கேட்டுவிட்டால் அந்தச் சின்ன மைக் படம் நீலமாகிவிடும். எழுத்து தெரியாவிட்டாலும் அந்த நீலம் அம்மாவுக்குத் தெரியும்.

மாமா போன அன்றே சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், போனை என்னிடம் நீட்டினாள்.

"பாரு. நீலமாயிட்டு. கேட்டுட்டான் களவாணி."

நான் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது.

சாவு விழுந்த துட்டி வீட்டில் யாராவது தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியவும், மதுரையில் ஒரு கூட்டம் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு சிவகிரி போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா. பெட்டியின் மோட்டார் ஓடும் உறுமல். நெற்றியில் ஒற்றை ரூபாய். சாகும்போது குளித்துக்கொண்டிருந்தவர் என்பதாலோ என்னவோ, முடி இன்னும் ஈரமாக இருப்பதுபோலவே பட்டது.

பத்து மணி. டி.வி. மேஜையின்மேல் மாமாவின் போன் நடுங்கியது. மேஜைமேல் ஊர்ந்து ஊர்ந்து விளிம்புக்கு வந்தது. கூடியிருந்தவர்கள் அழுகையை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள்.

திரையில் 'அக்கா'.

மாமாவின் மனைவி பொன்னுத்தாய் அத்தை எழுந்து போனாள். போனை எடுத்து முந்தானையில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினாள். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான்.

நான் திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"காலையில அனுப்புனதும் நீலம்" என்றாள். "வைத்தியம் நல்லா வேல செய்யுது போல. காது தெறந்துட்டு."

நான்கு மணிக்கு ஒரு குரல்

நாலாம் நாள் அத்தைக்குப் போன் செய்தேன். "மாமா போனு எங்க இருக்கு அத்தை?"

"பீரோவுலதான். அணைச்சுப் போட்டிருக்கேன்."

"யாரும் எடுக்கலியே?"

"சாவி என் இடுப்புல கெடக்கு."

பின்பக்கத்தில் அம்மா சாரலைப் பார்த்தபடி தம்பியை ஏசிக்கொண்டிருந்தாள். தேங்காய் பறிக்க ஏறி மரத்திலேயே தூங்கிவிட்ட கதை வரைக்கும் போய்விட்டாள். முடித்த இரண்டு நிமிடத்தில் நீலம்.

எட்டாம் நாள் தாங்க முடியாமல் மறுபடியும் சிவகிரி போனேன். அங்கே மழை இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஆளில்லை. அத்தை வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளறையில் அம்மா ஏசிக்கொண்டிருந்தாள்.

"ஏலே சவமே, நான் என்ன செவுத்துக்கிட்டயாலே பேசுதேன்..."

அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு நொடி, நான் தென்காசியில் விட்டு வந்தது யாரை என்று சந்தேகம் வந்தது.

அத்தை, மாமாவின் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். படத்தின்மேல் சாய்த்து வைத்த போன். அதற்கு முன்னால் ஒரு விளக்கு, ஒரு தம்ளர் காப்பி. காப்பியில் ஆடை படிந்திருந்தது.

"வா உலகு" என்றாள், திரும்பாமலே. "இரு. மதினி பேசி முடிக்கட்டும்."

அம்மா பேசி முடித்தாள். அறையில் சத்தம் அடங்கியது. விளக்கு மட்டும் ஆடிற்று.

"அணைச்சுப் போட்டேன்னு சொன்னிய?"

"பொய்தான் சொன்னேன். நீயுந்தான் ஒங்கம்மாட்ட சொல்லுத."

நான் போனைக் காட்டினேன்.

"செத்தவங்கள ஏசக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?"

"தெரியும்."

"பெறவு?"

"ஏசுனா திரும்பிப் பாப்பாவன்னுதான சொல்லுதாவ?" அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. "பாக்கட்டும்னுதான்."

பக்கத்தில் ஒரு தட்டில் சோறு. எறும்பு ஏறியிருந்தது. அது இன்றைய சோறு இல்லை.

"வந்துட்டாவ உலகு. காலையில பாத்தேன். கெணத்தடியில இருந்து நடைவரைக்கும் ஈரக்கால் தடம். உள்ள வரல. நடையிலயே நிக்காவ. இன்னும் கொஞ்சம் ஏச்சு கேட்டா உள்ள வந்துருவாவ."

அவள் தண்ணீர் இறைத்தபோது சொட்டியிருக்கும். அவள் கால் தடமாகவே இருக்கும். ஆனால் நான் எழுந்தபோது வாசற்படியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அந்த வெயிலில், படியில் ஒரு இடம் மட்டும் காயாமல் இருந்தது. நான் அதை மிதிக்காமல் ஒதுங்கித் தாண்டினேன். படித்தவள்தான். ஒதுங்கித்தான் தாண்டினேன்.

"எப்போ எடுத்தீங்க போன?" என்று வெளியே நின்று கேட்டேன்.

"மூணாம் நாள் சாயங்காலம்."

"அதுக்கு முன்னால?"

"தொடவே இல்லியே. ஏன்?"

முதல் இரண்டு நாளும் நீலமானது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"மதினிட்ட சொல்லிராத" என்றாள். "சொன்னா ஏச்சு நின்னுரும்."

பஸ்ஸில் வரும்போது இரண்டு பெண்களும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வருவதுபோல் இருந்தது. சொன்னால் அம்மாவின் நெஞ்சு நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் அத்தை பட்டினி கிடந்தே மாமாவின் பின்னால் போய்விடுவாள். சொல்லை வைத்துப் பிழைப்பவள் நான். ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை.

நீலம் காட்டிக்கொடுத்தது

பதினாலாம் நாள் காலை. அம்மா ஒரு ஏச்சை அனுப்பிவிட்டு, போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிறிது நேரத்தில் நீலமாயிற்று.

"உலகு, இங்கன வா."

போனேன்.

"குத்தாலம் எப்போ போனான்?"

கொல்லத்துக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இத்தன வருசமா ஏசுதேன்" என்றாள், போனைப் பார்த்தபடியே. "ஒரு நாளாச்சும் அன்னைக்கே கேட்டிருக்கானா? ரெண்டு நாளாவும், மூணு நாளாவும். பாதி கேட்டுட்டு நிறுத்திருவான். இப்போ அனுப்புன ஒடனே நீலமாவுது. உசுரோட இருக்கவன் எவனும் அக்கா ஏச்ச இவ்வளவு அவசரமாக் கேக்க மாட்டான்."

நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். சொன்னேன். கிணற்றடி, கண்ணாடிப் பெட்டி, அத்தை, விளக்கு, எல்லாவற்றையும். முதல் இரண்டு நீலத்தைத் தவிர.

அம்மாவின் நெஞ்சு நிற்கவில்லை. ஒரு கையை ரவிக்கைமேல் வைத்துக்கொண்டு, வெளியே மலை இல்லாத இடத்தைப் பார்த்தாள்.

"எத்தன தடவ சவமேன்னு சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆர்ச்சுக்கு இந்தப் பக்கம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவதென்று சிவகிரியிலிருந்து வேனில் வந்தார்கள். நானும் வருவேன் என்று அம்மா கிளம்பிவிட்டாள்.

பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் விசில். எண்ணெய் தேய்க்கிறவர்களின் கூவல். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசம். ஒரு குரங்கு யாருடைய சீப்பையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் நடுவே அத்தை மட்டும் குளிக்காமல் மஞ்சப் பையை மாரோடு அணைத்தபடி தூணோரம் நின்றாள். பைக்குள் போன்.

அம்மா அவளிடம் போய்க் கையை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை. அம்மா நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் போன் கை மாறிற்று.

"இதுக்குள்ள கெடக்கதெல்லாம் செத்தவன ஏசுனது" என்றாள் அம்மா. "நான் தெரியாம ஏசிட்டேன். தெரிஞ்சவ ஒருத்தி, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா."

என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

போனை அணைத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். அருவியைப் பார்த்து, "போயிட்டு வா ராசா" என்றாள். ஏச்சு இல்லாத குரல். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னட்டி கம்பு கணக்கா நிக்கே? பதினாறு நாளா சோறு திங்காம யாருக்கு நேந்துக்கிட்ட? அவன் போயிட்டான், ஒனக்கென்ன வாயும் போயிட்டா? ஏசுதவளுக்கு ஆளு வேணும்லா? நீயும் போயிட்டா நான் ஆர ஏச? போட்டி, போய்க் குளி. தலைய நல்லா நனை, சவத்து மூதி!"

அத்தை வாயைத் திறந்தாள். பதினாறு நாளாக வராத அழுகை, அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கித் தண்ணீருக்குள் கூட்டிப்போனார்கள். அன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

படையல்

என்னை அம்மா ஏசவில்லை.

இன்று ஏசுவாள், நாளை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள், "வாம்மா" என்றாள். "எழுதுதியாம்மா, எழுது" என்றாள். பிறந்ததிலிருந்து ஏட்டி என்று மட்டுமே கூப்பிட்டவள்.

பாலைப் பொங்க விட்டேன். "பரவால்லம்மா" என்றாள். வெளிக் கதவைத் திறந்துபோட்டேன், மாடு உள்ளே வந்து செடியைத் தின்றது. "அதுக்கும் பசிக்கும்லா" என்றாள். என்னைப் பார்த்துப் பேசும்போது அவள் கண் என் தோளுக்குச் சற்றுப் பின்னால் எதையோ பார்த்தது. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் இலை போட்டாள். சொதி, அவியல், இஞ்சித் துவையல். எனக்குப் பிடித்ததெல்லாம், ஒன்றுவிடாமல். ஒரு தம்ளர் தண்ணீர். சாப்பிடு என்று சொல்லவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் வீடுகளில் கதவைச் சாத்திச் சோறு வைப்பது யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாத்தின கதவுக்குள், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல் சத்தம். வீட்டில் ஒரே அமைதி. என் கையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. வலித்தால் உயிர் இருக்கிறது என்று யார் சொன்னது?

அப்படியே ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் அவள் தலையணைக்கு நான் உறை மாற்றும்போது மாத்திரைகள் உதிர்ந்தன. காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, நெஞ்சுக் கம்பி அடைக்காமல் இருக்கக் கொடுத்த மாத்திரை. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். குற்றாலத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். பச்சையான ஒரு வழியில்.

எனக்கு அழத்தான் வந்தது. அழுதா அது போயிரும்.

தலைமாட்டுக்குப் போய் நின்றேன்.

"என்னம்மா நெனச்சிக்கிட்டு இருக்க நீ?" என்று ஆரம்பித்தது யாருடைய குரல் என்று தெரியவில்லை. "மாத்திரைய ஒளிச்சு வைக்கதுக்கு நீ என்ன பால்வாடிப் பிள்ளையா? தம்பிக்காரன் கூப்புட்டான்னா ஒடனே எந்திரிச்சுப் போயிருவியா? அவனச் சின்னதுல இடுப்புல தூக்கிச் சொமந்தவளாம், இப்போ பின்னாலயே ஓடுதா! நான் ஒருத்தி இங்கன நிக்கது ஒன் கண்ணுக்குத் தெரியலியா? நான் பொய் சொன்னேன். ஆமா, சொன்னேன். அதுக்கு என்னைய உசுரோடப் பொதச்சிருவியா? கதவச் சாத்திச் சோறு வைக்க, சோறு! உப்பு இருந்திச்சா அதுல? அவியல்ல உப்பே இல்ல! எந்திரி! எந்திரிச்சு மாத்திரையப் போடு! படுத்துக் கெடக்கா பாரு, சவம்!"

கடைசிச் சொல்லும் வாயைவிட்டுப் போய்விட்டது.

முதுகு அசைந்தது.

அம்மா மெதுவாகத் திரும்பினாள். ரொம்ப தூரத்திலிருந்து திரும்புகிறவள்போல். கண் முதலில் என் தோளுக்குப் பின்னால் போயிற்று. அங்கிருந்து கிளம்பி, என் முகத்துக்கு வந்தது. நின்றது.

"ஆரப் பாத்துட்டி ஏசுத?" என்றாள். குரல் கரகரத்தது. "அவியல்ல உப்பு இல்லியா? என் அவியல்லயா? ஒனக்கு நாக்கு செத்துப் போயிட்டுன்னு சொல்லு. கொண்டாட்டி அந்தத் தண்ணிய."

கொடுத்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் நடுவில் ஏசிக்கொண்டே விழுங்கினாள். பொய் சொன்னதில் தொடங்கி, பால் பொங்கினது, மாடு மேய்ந்தது, விடுதியில் தொலைத்த கம்பளி, ஐந்தருவியில் கிழிந்த பாவாடை என்று போய்க்கொண்டே இருந்தாள். நான் தலையைக் குனிய வேண்டிய இடங்களில் குனிந்துகொண்டேன்.

"வெளிய சாரல் எறங்கிட்டு, கொடியில துணி கெடக்கு, என்னத்தட்டி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கே சவமே? ஓடு!"

ஓடினேன்.